உறைமேல் முகவரி

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விட்டுக்கறேன் தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க. எனக்கும் வேர்க்கத்தான் செய்யுது. ஆனா இந்தத் தாள் காத்துல பறந்துட்டா நான் இந்த பஸ்ல ஏறினதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிரும். பைக்குள்ள வைக்கலாம். வச்சா நிமிஷத்துக்கு ஒருதரம் இருக்கா இருக்கான்னு எடுத்துப் பார்க்கத் தோணுது. அதுக்குக் கையிலயே இருந்துட்டுப் போகட்டும்.

மடியில இருக்கற கைடு பொண்ணுக்கா? பத்தாவதா? அப்ப சரியான ஆள் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கீங்க. நான் தமிழ் டீச்சர். பிலோமினான்னு பேரு. வேலங்குளம் ஸ்கூல்ல இருபத்தி ரெண்டு வருஷமா பத்தாம் வகுப்புக்குத் தமிழ். இருபத்தி ரெண்டு வருஷத்துல என் பாடத்துல ஒரு பிள்ளைகூட ஃபெயில் இல்ல. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், போன வருஷம் வரைக்கும் பெருமைதான்.

நெடுங்கரைக்குப் பிரியற விலக்கு வர இன்னும் அரை மணி நேரம் ஆகும். அங்க ரெண்டு பேர் ஏறுவாங்க, ஒரு அப்பாவும் அவர் பொண்ணும். அவங்க ஏறிட்டா என்னால இதைப் பேச முடியாது. முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்ட ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கறேன். கேட்டுட்டு இறங்கிப் போயிருங்க, மனசுல வச்சுக்க வேணாம்.

பரீட்சையில கடிதம்னு ஒரு கேள்வி வரும், அஞ்சு மார்க்கு. உங்க கைடுலயும் இருக்கும் பாருங்க. தெருவிளக்கு எரியல, தண்ணி வரல, ரோடு குண்டும் குழியுமா இருக்குன்னு ஏதாவது ஒரு ஆபீசருக்குப் புகார் எழுதணும். பிள்ளைங்க இதுல கோட்டை விட்டுரும். அதனால நான் ஒரு வழி வச்சிருந்தேன். ஒரே கடிதம். எந்த ஆபீசருக்கும் பொருந்தும், எந்தக் குறைக்கும் பொருந்தும். நடுவுல ரெண்டே ரெண்டு வரிதான் மாறும். அனுப்புநர் எப்பவுமே க. கயல்விழி, பன்னெண்டு, வள்ளுவர் தெரு. பரீட்சைத் தாள்ல சொந்தப் பேரு எழுதக் கூடாது பாருங்க, எழுதினா வம்பாயிரும். அதனால போன வருஷம் என் வகுப்புல நாப்பத்தி ஒரு பிள்ளைங்க, மீசை முளைச்ச பயலுகளையும் சேர்த்து, அத்தனை பேரும் கயல்விழி.

கடைசியில ஒரு பெட்டி போடணும். உறைமேல் முகவரின்னு தலைப்பு எழுதி, கவர் மாதிரி ஒரு கட்டம் கட்டி, அதுக்குள்ள பெறுநர் முகவரியை எழுதணும். அதுக்கு அரை மார்க்கு. பாதிப் பிள்ளைங்க மறந்துரும். "பெட்டி போடலேன்னா லெட்டர் போய்ச் சேராதுடா, உங்க மார்க்கும் போய்ச் சேராது"ன்னு நான் சொல்லுவேன். பிள்ளைங்க சிரிக்கும். வருஷா வருஷம் சொல்ற வேடிக்கைதான் அது.

இப்ப நீங்களே சொல்லுங்க. பாடத்துக்காக எழுதுற கடிதத்தை எந்த டீச்சராவது தபால்ல போடுவாங்களா? உங்க காலத்துல போட்டாங்களா? இல்லல்ல. என் வீட்டுக்காரரும் அதையேதான் சொல்றார். என் மேல தப்பே இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. எல்லாரும்னா என்ன, அவர் ஒருத்தர்தான். வேற யாருக்கும் தெரியாது.

காளீஸ்வரின்னு ஒரு பிள்ளை. நெடுங்கரையில இருந்து வரும். ஒல்லியா, கடைசிக்கு முந்தின பெஞ்சுல உட்காரும். கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். அவ வீட்டுல அவதான் முதல் ஆளா பத்தாவது வரைக்கும் வந்தவ. அப்பா பெரியகருப்பன் கொத்து வேலை, அம்மா பாக்கியம் நாலஞ்சு ஆடு வச்சிருந்துச்சு. அந்த அம்மா ஒருதரம் ஸ்கூலுக்கு வந்திருக்கு. வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வந்துச்சு. "எம்மவ படிக்குதா டீச்சரம்மா"ன்னு கேட்டுச்சு. "நல்லாப் படிக்குது, நான் சொன்னதை அப்படியே எழுதினா தொண்ணூறைத் தாண்டிரும்"னு சொன்னேன். அதுக்கு அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டுச்சு.

போன செப்டம்பர்ல, காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம், மின் அலுவலகத்துக்கு எழுதுற கடிதத்தை ஆளுக்கொரு தனித்தாள்ல எழுதிட்டு வரச் சொன்னேன். தெருவிளக்கு எரியலங்கற கடிதம். பெட்டியோட எழுதணும்னு சொல்லிவிட்டேன். நாப்பத்தி ஒரு தாளையும் கட்டிச் சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். திருத்துறதுன்னா என்ன, உள்ளதைச் சொல்றேன், நான் படிக்கவே மாட்டேன். எல்லாம் ஒரே கடிதம்தானே, என்னத்தைப் படிக்க? அனுப்புநர் இருக்கா, பெறுநர் இருக்கா, பெட்டி இருக்கா, ஒரு டிக். அடுப்புல குழம்பு கொதிக்கறதுக்குள்ள இருபது தாள் முடிஞ்சிரும்.

காளீஸ்வரி தாள் வந்தப்பக் கை நின்னுருச்சு. கயல்விழி இல்ல. அனுப்புநர்னு போட்டு, பெ. காளீஸ்வரி, நெடுங்கரைன்னு எழுதியிருந்தா. இதோ பாருங்க, இதுதான் அந்தத் தாள். நானே படிக்கறேன், எனக்குப் பார்க்காமலே வரும். "ஐயா, எங்கள் தெருவில் பதினேழாம் எண் கம்பத்தில் இருந்து போகும் கம்பி தாழ்ந்து தொங்குகிறது. என் அப்பா கையைத் தூக்கினால் பட்டுவிடும். காற்று அடித்தால் பொறி பறக்கிறது. அதன் கீழேதான் என் அம்மா ஆடு கட்டுகிறார். வேறு இடம் இல்லை. தயவுசெய்து மழைக்கு முன்னால் வரவும்." கீழ பெட்டி. பெட்டிக்குள்ள அந்த ஆபீசோட நிஜ முகவரி. யார்கிட்டயோ கேட்டு எழுதியிருக்கா, பின்கோடு வரைக்கும் சரியா இருக்கு. மூலையில கலர் பென்சில்ல ஒரு ஸ்டாம்பு வரைஞ்சிருக்கா பாருங்க. ஓரத்துல அந்தப் பல்லு பல்லா இருக்கறதைக்கூட விடல.

எனக்கு எரிச்சல் வந்துச்சு. இதைத்தான் சொல்லணும், வேற எதையும் சொல்லிப் பூசி மெழுகக்கூடாது. மழைக்கு முன்னால் வரவும்னு படிச்சிட்டு எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. இத்தனை தடவை சொல்லியும் சொந்தப் பேரு எழுதியிருக்காளே, பப்ளிக் பரீட்சையில இப்படி எழுதினா என்ன ஆகறது, என் நூத்துக்கு நூறு தேர்ச்சி என்ன ஆகறதுன்னு நினைச்சேன். திங்கக்கிழமை தனியாக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கணும்னு அந்தத் தாளை மட்டும் மூணா மடிச்சு என் கைடுக்குள்ள சொருகினேன். மடிச்சது நான் இல்ல, அவளே மடிச்சுதான் கொடுத்திருந்தா, கவருக்குள்ள வைக்கற மாதிரி. நான் சொருகினது மட்டும்தான். அப்புறம் மறந்துட்டேன். காலாண்டு வந்துச்சு, பேப்பர் கட்டு வந்துச்சு, அந்தக் கைடை நான் திறக்கவே இல்ல.

திங்கக்கிழமை மத்தவங்களுக்குத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். நாப்பது பேருக்கு. காளீஸ்வரிக்கு மட்டும் இல்ல. தாள் வராத பிள்ளை எழுந்து நின்னு கேட்கும், இல்ல முகம் வாடிப்போகும். இவ சிரிச்சா. வாயைக் கையால பொத்திக்கிட்டு, பக்கத்துல இருந்த பிள்ளையைத் தோள்ல இடிச்சுட்டுச் சிரிச்சா. எனக்கு அது அன்னைக்குப் புரியல. தன் தாள் மட்டும் திரும்பி வரலேன்னா டீச்சர் அதை அனுப்பிட்டாங்கன்னு அவ நினைச்சிருக்கா. மத்ததெல்லாம் கயல்விழி பேர்ல இருக்கற பொய்க் கடிதம், தன்னோடது நிஜம், அதனால டீச்சர் தபால்ல போட்டுட்டாங்க. பெட்டி போட்டாத்தான் போய்ச் சேரும்னு நானே சொன்னேனே.

அக்டோபர்ல ஒருநாள் வராண்டாவுல நின்னு கேட்டா. "டீச்சர், லைன்மேன் எப்ப வருவாரு?"ன்னா. எனக்கு எட்டாம் வகுப்புக்குப் பெல் அடிச்சிருச்சு. "எல்லாம் வருவாரு வருவாரு, நீ முதல்ல மாதிரிக் கடிதத்தை ஒழுங்கா மனப்பாடம் பண்ணு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். என்ன லைன்மேன், எதுக்குக் கேட்கறேன்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கல. சரிங்க டீச்சர்னு சந்தோஷமாத் தலையாட்டிட்டுப் போனா.

இதோட போயிருந்தாக்கூடப் பரவாயில்ல. அந்தத் தெருக்காரங்க அதே நேரத்துல ஒரு மனு தயார் பண்ணியிருக்காங்க. பெரியகருப்பன்தான் முன்ன நின்னு எல்லார்கிட்டயும் கையெழுத்து, கைநாட்டு எல்லாம் வாங்கி வச்சிருந்தார். மறுநாள் வேலைக்கு லீவு போட்டுட்டு ஆபீசுக்குப் போறதா இருந்திருக்கார். இவதான் தடுத்திருக்கா. "டீச்சரே அனுப்பிட்டாங்கப்பா. வருவாங்கன்னு சொல்லியிருக்காங்க. நீங்க எதுக்கு ஒருநாள் வேலையை விட்டுட்டுப் போறீங்க"ன்னு சொல்லியிருக்கா. நம்மள விட டீச்சர் சொன்னா நடக்கும்னு அவரும் அந்த மனுவை எடுத்து மஞ்சப்பைக்குள்ள வச்சிட்டார்.

நவம்பர்ல நல்ல மழை. விடிஞ்சு ஒரு ஏழு மணி இருக்கும், ஆட்டை அவுக்கறதுக்குப் பாக்கியம் போயிருக்கு. கம்பி அறுந்து ஈரத்தரையில கிடந்திருக்கு. ஆடு துடிக்குதேன்னு ஓடிப் போய்த் தொட்டுருச்சு.

இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

நாங்க டீச்சருங்க நாலு பேரு துக்கத்துக்குப் போனோம். பெரியகருப்பன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "நீங்க எங்களுக்காக எழுதிப் போட்டீங்களே டீச்சரம்மா, ஒருத்தன் வந்து எட்டிப் பார்க்கலியே"ன்னு அழுதார். எனக்கு ஒண்ணுமே விளங்கல. நான் என்ன எழுதிப் போட்டேன்னு முழிச்சேன். அப்ப காளீஸ்வரி நிமிர்ந்து பார்த்தா. அந்தக் கண்ணைப் பார்த்ததும் மூணா மடிச்ச தாள் எனக்கு ஞாபகம் வந்துருச்சு. அந்த இடத்துலயே உட்கார்ந்து அழுதுட்டேன். டீச்சரம்மாவும் எப்படி அழுகுது பாருன்னு பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டாம கைடைத் திறந்தேன். இருந்துச்சு. கடிதம் எழுதும் முறைங்கற பக்கத்துலயே இருந்துச்சு.

அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. சொன்னா அந்தப் பிள்ளை தாங்குமா? அப்பாவைப் போகவிடாமத் தடுத்தது நான்தானேன்னு ஆயுசுக்கும் நினைச்சு நினைச்சு வெந்து போயிருமே. அதுக்காகத்தான் சொல்லலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பாதி உண்மை தங்கச்சி. மீதிப் பாதி பயம். வேலங்குளத்துல நான் நடந்து போனா எழுந்து நிக்கறவங்க இருக்காங்க. அதை விட மனசு வரல.

கேட்டவங்களுக்கெல்லாம் ஆமா, அனுப்பினேன்னு சொன்னேன். "தபால்ல எங்கயாவது மாட்டியிருக்கும், இல்ல வாங்கி எங்கயாவது போட்டுருப்பாங்க"ன்னு சொன்னேன். முதல் தடவைதான் நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்புறம் பழகிருச்சு. கயல்விழி கடிதம் மாதிரிதான், ரெண்டு வரியை மாத்திக்கிட்டா யாருக்கு வேணும்னாலும் சொல்லலாம்.

ஆனா அந்தப் பிள்ளை மாறிப்போயிட்டா. படிப்பை விடல, கணக்கு, அறிவியல் எல்லாம் படிச்சா. கடிதம்னா மட்டும் பேனாவை மூடி வச்சிருவா. பப்ளிக் பரீட்சையில என்ன கேள்வி வந்துச்சு தெரியுமா? உங்கள் பகுதியில் மின் பழுதுகளைச் சரிசெய்யக் கோரி மின் அலுவலருக்குக் கடிதம் எழுதுக. வெளிய வந்து பிள்ளைங்க என்னைச் சுத்திக் குதிக்குது, "டீச்சர் சொன்ன கேள்வியே வந்துருச்சு"ன்னு. நானும் சிரிச்சேன். ஆமா, சிரிச்சேன். அப்புறம்தான் அவளைத் தேடினேன். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்னுட்டு இருந்தா.

"எழுதினியா புள்ள?"ன்னேன். "அந்தக் கேள்வி மட்டும் விட்டுட்டேன் டீச்சர்"னா. அடடா, அஞ்சு மார்க்கு போச்சேன்னு வாய் சொல்லிருச்சு. என் வாயைத்தான் செருப்பால அடிக்கணும். அவ கோபப்படல. என்னைச் சமாதானம் பண்ற மாதிரி மெதுவா, "எழுதி என்ன டீச்சர். எழுதினாலும் யாரும் வரமாட்டாங்க. நீங்களே அனுப்பி வரலியே"ன்னா.

அன்னையில இருந்து எனக்குச் சோறு இறங்கல. அம்மாவும் போச்சு, எழுதினா நடக்கும்ங்கற நம்பிக்கையும் போச்சு. ரெண்டையும் நான்தானே எடுத்துட்டேன். அச்சு மாதிரி எழுதற பிள்ளை தங்கச்சி அவ. இருபத்தி ரெண்டு வருஷத்துல என் வகுப்புல எழுதின ஒரே நிஜக் கடிதம் இதுதான். அதை எழுதினவகிட்ட எழுத்தால ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிக் கொடுத்தவ நான்.

ரிசல்ட் வந்துச்சு. எனக்கு நூத்துக்கு நூறு தேர்ச்சி. சால்வை போட்டாங்க. அவ தொண்ணூத்தி மூணு. சால்வையோட வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்.

இன்னைக்கு என்னன்னா, கலெக்டர் ஆபீஸ்ல விசாரணை. பெரியகருப்பன் விடாம மனு மேல மனு போட்டிருக்கார். செப்டம்பர்லயே எழுதிக் கொடுத்தோம், கண்டுக்கலன்னு சொல்றார். எங்க பதிவேட்டுல அப்படி ஒண்ணுமே இல்லங்கறாங்க மின் அலுவலகத்துக்காரங்க. போன விசாரணையில ஒருத்தர் காளீஸ்வரியைப் பார்த்து, "அப்படி ஒரு கடிதமே எழுதியிருக்க மாட்டே, யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்றே"ன்னு கேட்டாராம். அதான் பெரியகருப்பன் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கார். "நீங்க வந்து அனுப்பினேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் டீச்சரம்மா, எம்மவ பொய்க்காரி இல்லன்னு ஆயிரும்"னார்.

ஒரு வார்த்தை. சொல்றது கஷ்டமே இல்ல, ஏழு மாசமாச் சொல்லிப் பழகியிருக்கேன். இந்தத் தாளைக் கிழிச்சு இந்த ஜன்னல் வழியாப் போட்டுட்டா யாருக்கும் எதுவும் தெரியாது. நீங்க பக்கத்துல உட்கார்றதுக்கு முன்னாடி ரெண்டு தரம் ஜன்னல் வரைக்கும் கொண்டு போனேன். கை வரல. இதைக் கிழிச்சா அவ எழுதவே இல்லன்னு ஆயிருமே. மழைக்கு முன்னால் வரவும்னு எழுதின பிள்ளை எழுதவே இல்லன்னு ஆயிருமே.

தாளைக் காட்டினா அவ எழுதினது நிஜம்னு ஆகும். நான் அனுப்பலங்கறதும் தெரிஞ்சிரும். அதுக்கப்புறம் என்னை என்ன வேணும்னாலும் பண்ணிக்கட்டும். ஆனா ஆபீசர் மேஜையில வச்சு, பத்துப் பேர் முன்னாடி, அவ இதைப் பார்க்கக் கூடாது. முதல்ல அவ கையிலதான் கொடுக்கணும். அவ தாள்தானே.

கண்டக்டர் விசில் அடிச்சிட்டார். விலக்கு வந்துருச்சு. அந்தா பாருங்க, புளியமரத்துக்குக் கீழ, மஞ்சப்பையோட நிக்கிறாரே, அவர்தான். பக்கத்துல நீலச் சுடிதார். என்னைப் பார்த்துட்டா. கை காட்டறா பாருங்க தங்கச்சி, எப்படிக் கை காட்டறா பாருங்க.

நீங்க தப்பா நினைக்கலேன்னா எதிர் சீட்டுக்கு மாறிக்கறீங்களா? அவ என் பக்கத்துல உட்காரட்டும். புண்ணியமாப் போகும் உங்களுக்கு.

வா காளீஸ்வரி. வாங்கண்ணே, நீங்களும் இப்படிப் பக்கத்துலயே நில்லுங்க, நீங்களும் கேட்கணும். உட்காரு புள்ள. சாப்பிட்டியா? சரி, அழமாட்டேன். நான் அழல. நீ கையை நீட்டு. இந்தா, உன் தாள். மத்த நாப்பது பேருக்கும் அன்னைக்கே திருப்பிக் கொடுத்துட்டேன், உனக்குத்தான் கொடுக்கல. பிரிச்சுப் பாரு, உன் எழுத்துதான். இது எங்கயும் போகல புள்ள. என் கைடுக்குள்ளயே இருந்துச்சு.